எட்டு மணி வரை உண்ணாவிரதம்

சிரிக்காதே தாயி. சிரிப்பதற்கு உனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. என்ன ஏது என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லித்தானே ஸ்டேஷனிலிருந்து அனுப்பினார்கள்? எழுதிக்கொள். உண்ணாவிரதப் போராட்டம். இடம், இந்த ஆஸ்பத்திரி வாசல். தலைமை, தோழர் குருவம்மாள், தீப்பெட்டித் தொழிலாளர் சங்கம். தொடக்கம், நேற்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததிலிருந்து. முடிவு, இன்று காலை எட்டு மணி.

ஆமாம், எட்டு மணிதான். சாகும்வரை உண்ணாவிரதத்துக்கு நீ பந்தோபஸ்து போயிருப்பாய். மெத்தை போட்டு, பக்கத்தில் ஃபேன் வைத்து, மாலையில் பழரசம் குடித்து முடிப்பார்களே, அதையும் பார்த்திருப்பாய். எட்டு மணி வரை உண்ணாவிரதம் பார்த்ததில்லை அல்லவா? இப்போது பார்த்துக்கொள். அந்த ஜமுக்காளத்தில் ஓரமாக உட்கார். பூட்ஸைக் கழற்ற வேண்டாம், நாங்கள் கோயில் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

அனுமதியா? வாங்கவில்லை. என்றைக்கும் வாங்கியதில்லை. உங்கள் ஸ்டேஷனில் பழைய ஆட்கள் யாராவது மிச்சம் இருந்தால் கேட்டுப் பார். என்னை வேனில் ஏற்றும்போது, பார்த்து ஏறுங்கம்மா, படி உயரம் என்று கை கொடுத்த ஏட்டு இருந்தார். அந்த மரியாதை உங்களுக்கெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

அந்த அண்டாவில் இருப்பது இட்லி. மூடியைத் திறக்காதே. உண்ணாவிரதத்தில் இட்லி அண்டாவுக்கு என்ன வேலை என்று உன் மூஞ்சி கேட்கிறது. சொல்கிறேன். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். எல்லோருக்கும் சர்க்கரை. எல்லோரும் தீப்பெட்டி ஆபீசில் மரச் சட்டத்தில் குச்சி அடுக்கியே முதுகு வளைந்தவர்கள். உனக்குத் தீப்பெட்டி ஆபீஸ் தெரியுமா? தொழிற்சாலையைத்தான் இங்கே ஆபீஸ் என்போம். விடியும் முன்னால் வேன் வரும். அடுப்புப் பற்றவைக்க நேரம் கிடையாது. ஏறி உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் குச்சி அடுக்க வேண்டும். கண் இருட்டிக்கொண்டு வரும். அடுக்கிய சட்டத்தின் மேலேயே தலை கவிழும். குச்சி சிதறினால் கூலி கிடையாது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. படிப்பு அஞ்சாம் வகுப்பு. மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில்தான். சங்கத்தில் கொடுக்கிற ஒவ்வொரு துண்டறிக்கையையும் எழுத்துக்கூட்டி, மனப்பாடம் ஆகிறவரைக்கும் படிப்பேன். ஏகாதிபத்தியம் என்று உன்னால் பிழையில்லாமல் எழுத முடியுமா? நான் எழுதுவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவள் மயங்கி விழுந்தாள். நான் எழுந்து நின்று சொன்னேன்: வெறும் வயிற்றில் வேலை இல்லை.

அவ்வளவுதான். நான் எழுதிய முதல் துண்டறிக்கையும் அதுதான், ஒரே வரி. எனக்கு அடுத்து எழுந்தவள் முப்பிடாதி. என் தொண்டை கொஞ்ச நேரம்தான் தாங்கும் தாயி. அவளுக்குத் தொண்டை ஊர்வலம் முடிகிறவரைக்கும் நிற்கும். அவள் "வெறும் வயிற்றில்" என்று எடுத்துக் கொடுப்பாள், நாங்கள் எல்லோரும் "வேலை இல்லை" என்று முடிப்போம். ஆபீஸ் கேட்டில் நின்று அப்படிக் கத்தினோம். அடி வாங்கினோம். ஜெயித்தோம். காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட அரைமணி நேரம் விட்டார்கள். இன்றைக்கும் அந்த ஆபீசில் ஒன்பது மணிக்கு அடிக்கிற மணிக்குக் குருவம்மா மணி என்றுதான் பெயர். போய்க் கேட்டுப் பார். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகளுக்குக் குருவம்மா யாரென்று தெரியாது. மணியைத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாரைப் பார்த்து வயிற்றைக் காயப்போடச் சொன்னார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். என்னை. குருவம்மாளை.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு பெண் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு வந்தாள். டாக்டர். ஜெனிட்டா என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஒல்லியாக, பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். இந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். சர்க்கரை உள்ள வயதான பெண்களுக்கு எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று ரத்தத்தில் பார்க்கப்போகிறாளாம். கரைவது வேகமாக இருந்தால், உடையும் முன்னாலேயே மருந்து கொடுப்பார்களாம். எல்லோரும் காலையில் எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் வாருங்கள் என்றாள்.

ஏன் வெறும் வயிறு என்று காரணம் சொன்னாளா என்றால், சொன்னாள். ஏதோ சொன்னாள். மைக் சரியில்லை. நானும் அந்த நேரம் முப்பிடாதியிடம் மே தினக் கொடிக்குத் துணி எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். காரணத்தைப் புரியும்படி சொல்ல வேண்டியது யார் பொறுப்பு? படித்தவர்களுடைய பொறுப்பு. எங்களுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்வதே கிடையாது. கையை நீட்டு, நாக்கை நீட்டு, அடுத்த ஆள் வா. இதுதான் எங்களுக்குத் தெரிந்த மருத்துவம்.

அந்த நாளும் வந்தது. விடிந்தும் விடியாமலும் இவர்கள் எல்லோரும் வந்து இதே வாசலில் வரிசையில் நின்றார்கள். எட்டு ஆனது. யாரும் வரவில்லை. ரத்தம் எடுக்கிற சாமான் ஏற்றின வண்டி வழியில் நின்றுவிட்டதாம். எட்டரை. ஒன்பது. ஒன்பதுக்கு மேலும் ஆனது. ஒரு வாய் காப்பி கிடையாது. அதோ, பச்சைச் சேலை, பாப்பாத்தி, அவள் பழக்க தோஷத்தில் விடிகாலையிலேயே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். வேர்த்து ஊற்றி, இந்தத் தூணைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தீப்பெட்டி ஆபீஸ் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதே வரிசை, அதே காலி வயிறு, அதே கேட். பாப்பாத்தி வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு எழுந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இட்லிக் கடை. அத்தனை இட்லியையும் கொண்டுவரச் சொன்னேன். எல்லோரும் சாப்பிடுங்கள் என்றேன். யாரும் யோசிக்கவில்லை. நான் சொன்னால் யோசிக்க மாட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே முப்பிடாதி ஆரம்பித்தாள்: "வெறும் வயிற்றில்". இவர்கள் வழக்கம்போல "வேலை இல்லை" என்றார்கள். நான் திருத்தினேன். "ரத்தம் இல்லை" என்று சொல்லச் சொன்னேன். வெறும் வயிற்றில், ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவர் அதிர்ந்தது தாயி. மாடியில் இருந்து நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த டாக்டர் பெண் ஓடி வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பாப்பாத்திக்கு நாடி பார்த்தாள். அதுவரைக்கும் சரி. அப்புறம் சொன்னாள், சாப்பிட்டுவிட்டீர்கள், இன்றைக்கு எடுத்தால் கணக்கு தப்பாக வரும், இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று.

விடுவேனா? விடியற்காலையிலிருந்து நிற்கவைத்து, மயங்க வைத்து, திரும்பிப் போ என்றால்? கேட்டை மறித்து உட்கார்ந்தோம். எடுத்தால் இன்றைக்கே எடு, எங்கள் ரத்தத்தைத் திருப்பி அனுப்ப உனக்கு உரிமை கிடையாது என்றேன். அவள் கெஞ்சினாள். அம்மா, எனக்காக இல்லை, உங்களுக்காகச் சொல்கிறேன் என்று கையைப் பிடித்தாள். நான் கையை உதறினேன். இப்படிக் கையைப் பிடித்த முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் உள்ளே இருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து, எடுத்து அனுப்பும்மா, தொல்லை தீரட்டும் என்றார். எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றால் அப்படித்தான் இருக்கும்.

முடிவு வந்தது. அத்தனை பேருக்கும் எலும்பு கரைவது குறைவு. என்னுடையதும் குறைவு. முப்பிடாதியுடையதும் குறைவு. நான் உடனே துண்டறிக்கை அடித்தேன். "உழைத்த எலும்பு உருகாது" என்று தலைப்பு. நல்ல தலைப்பு, இல்லையா? எங்கள் எலும்பைக் காட்டி மருந்துக் கம்பெனி பிழைக்க நினைத்தது, உழைக்கும் பெண்களின் எலும்பு இரும்பு என்று ரத்தமே சாட்சி சொல்லிவிட்டது என்று எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் கொடுத்தோம். கொடுக்கிற கை வலிக்கிறவரைக்கும் கொடுத்தோம்.

அந்த டாக்டர் பெண் சும்மா இருந்தாளா? மறுபடி சங்கத்துக்கு வந்தாள். இந்தத் தடவை மைக் கிடையாது, எதிரில் உட்கார்ந்து சொன்னாள். எலும்பு தினமும் கொஞ்சம் கரையும், தினமும் கொஞ்சம் கட்டும். கரையும்போது அதன் துணுக்கு ரத்தத்தில் கலக்கும். அந்தத் துணுக்கைத்தான் அளக்கிறோம். சாப்பிட்டதும் கரைகிற வேலை கொஞ்ச நேரம் அடங்கிவிடும், துணுக்கும் குறைந்துவிடும், அந்த நேரம் பார்த்தால் எல்லாம் நல்லபடியாக இருக்கிற மாதிரி தெரியும் என்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்கேனும் ஏமாற்றுமாம். எலும்பு கனமாகத் தெரியுமாம், ஆனால் உள்ளே உளுத்திருக்குமாம். ரத்தத்தை மட்டும் வைத்தும் எல்லாம் சொல்லிவிட முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். இது என்ன பேச்சு தாயி? ஸ்கேன் ஏமாற்றும், ரத்தம் ஏமாற்றும், இவள் மட்டும் உண்மை பேசுவாள்.

பேசிக்கொண்டே முப்பிடாதியின் கால் பக்கம் பார்த்தாள். முப்பிடாதிக்குச் சேலை தரையில் புரண்டுகொண்டிருந்தது. முன்னெல்லாம் இப்படிப் புரளுமா என்று கேட்டாள். இல்லை, இப்போதுதான், மேல் அலமாரியும் எட்டுவதில்லை என்று அவளும் வெள்ளந்தியாகச் சொன்னாள். முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்திருக்கலாம், நீங்கள் மட்டுமாவது நாளைக்கே வெறும் வயிற்றில் வாருங்கள் என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்தாள். எப்போது பார்த்தாலும் கையைப் பிடிப்பாள்.

சேலை புரள்வதெல்லாம் ஒரு நோயா? எனக்கும்தான் இரண்டு வருஷமாகப் புரள்கிறது. இதோ பார், கரை முழுக்க மண். நெசவுக்காரன் அகலம் கூட்டி நெய்கிறான், அவ்வளவுதான்.

முப்பிடாதி போகிறேன் என்றாள். நான்தான், நீ போனால் எல்லோரும் போய்விடுவார்கள், துண்டறிக்கை அடித்துக் கொடுத்த பிறகு போனால் ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், கட்டுப்பாடு முக்கியம் என்றேன். சரி என்றாள். அவள் அப்படித்தான். ஒரு தடவைகூட என் பேச்சைத் தட்டியதில்லை. அதுதான் சங்கம். அப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான் ஒன்பது மணிக்கு மணி அடித்தது.

அப்புறம் இந்த வருஷம் ஆடி மாதம். மினி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். விழவில்லை, கவனி. யாரும் தள்ளவில்லை. கடைசிப் படிக்கும் தரைக்கும் கொஞ்சம் இடைவெளி, காலை ஊன்றினாள், இடுப்பு விட்டுவிட்டது. சத்தம் கேட்டது என்றாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். எத்தனை குச்சி ஒடித்திருக்கிறாள் அவள், அவளுக்குத் தெரியாதா அந்தச் சத்தம்.

நான் சும்மா விடவில்லை. மினி பஸ் முதலாளி வீட்டு முன்னால் ஆர்ப்பாட்டம். படிக்கட்டின் உயரத்தைக் குறை என்று கோஷம். அவன் பயந்து போய்ப் படிக்குக் கீழே இன்னொரு பலகை அடித்துவிட்டான். இப்போது போனாலும் பார்க்கலாம். எங்கே போராட்டம் நடந்தாலும் எனக்கு வெற்றிதான்.

இந்த ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு ஆபரேஷன். இடுப்பில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சர்க்கரை என்பதால் புண் ஆறமாட்டேன் என்கிறது. நான் தினமும் வந்துவிடுவேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவேன், சர்க்கரை என்று நர்ஸ் திட்டுவாள், நானே தின்பேன். பஸ் படியில் பலகை அடித்த செய்தியைச் சொன்னபோது முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பேசி முடித்ததும் திரும்பாமலேயே கேட்டாள்.

"ஏளா குருவு, ஆபீசுக்கு இன்ஸ்பெக்டர் வருவானே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர். அவன் ஜீப் சத்தம் கேட்டதுமே சின்னப் பிள்ளைகளை எல்லாம் பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். அவன் உள்ளே வந்து பார்த்தால் பெரிய ஆட்கள் மட்டும் இருப்போம். சுத்தமான ஆபீஸ் என்று எழுதிவிட்டுப் போவான். ஜீப் போனதும் பிள்ளைகள் திரும்பி வந்து குச்சி அடுக்கும்.

"நாமளும் அதத்தானட்டி செஞ்சோம். இட்லியத் தின்னு பிள்ளைகள வெளிய ஓட்டிவிட்டுட்டு, ஆபீஸ் சுத்தமா இருக்குன்னு நோட்டீஸ் அடிச்சோம்."

நான் ஆரஞ்சை உரித்தேன். மருந்து மயக்கத்தில் இருக்கிறவளிடம் என்ன விவாதம் பண்ணுவது?

"நீ ஜெயிச்ச போராட்டத்துல எனக்கு இடுப்பு போச்சு. அது போகட்டும். மத்தவளுகளையாவது வெறும் வயித்தோட கூட்டிட்டு வா."

வலி மாத்திரை தாயி. வலி மாத்திரை கொடுத்தால் ஆள் இப்படித்தான் பேசும், எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேள். நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. கோபம் இல்லை. வேலை இருந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் பெண் திரும்பவும் ரத்தம் எடுக்கத் தேதி வைத்தாள். இன்றைக்கு. இவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். முப்பிடாதி படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பயம். ஆனால் ஒருத்தியும் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. எனக்கு ஃபோன் போட்டார்கள். முதலில் பாப்பாத்தி. அக்கா, சாப்பிடாமப் போகவா, சாப்பிட்டுட்டுப் போகவா? அப்புறம் மற்றவர்கள். எல்லோரும் அதே கேள்வி. சாப்பிடவா, வேண்டாமா. நான் சாப்பிடு என்றால் சாப்பிடுவார்கள். போகாதே என்றால் போக மாட்டார்கள்.

நீயே சொல். நான் என்ன சொல்லட்டும்? வெறும் வயிற்றோடு போ என்று இந்த வாயால் சொல்லவா? ஆயுசு முழுக்க ஒரே ஒரு வரியைச் சொல்லி வாழ்ந்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் நான் யார்? ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிற கிழவி. டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறவள். அதற்காகவா அடி வாங்கினேன்?

யோசித்தேன். அடுப்பில் பால் பொங்கி ஊற்றியதுகூடத் தெரியாமல் யோசித்தேன். அப்புறம் பாப்பாத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: எல்லோருக்கும் சொல்லிவிடு, போராட்டம் அறிவிச்சாச்சு. உண்ணாவிரதம்.

எதற்கு உண்ணாவிரதம் என்று அவள் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டாள்.

கோரிக்கைகளை எழுதிக்கொள். ரத்தம் எடுக்கிறவர்கள் எட்டு மணிக்குச் சரியாக வர வேண்டும், ஒரு நிமிஷம் தாமதமானாலும் இட்லி அண்டா திறக்கப்படும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எதையும் யாரும் வீட்டில் போட்டுக்கொண்டு வரச் சொல்லக்கூடாது, கையில் கொண்டுவந்து சாப்பாட்டோடுதான் போடுவோம். ரத்தம் எடுத்த இடத்திலேயே, எடுத்த கையோடு இட்லி தர வேண்டும். முடிவை எல்லோருக்கும் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எல்லாக் கோரிக்கையும் ஏற்கப்பட்டது. டாக்டர் பெண்ணிடம் நேரில் போய்க் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நான் ஃபோனில் எல்லோருக்கும் ஏற்கெனவே சொன்னதுதானே அம்மா என்றாள். அதைத்தான் நானும் சொல்கிறேன், ஏற்றுக்கொண்டாய் அல்லவா, கையெழுத்துப் போடு என்றேன். போட்டாள். அப்போது சிரிக்கவில்லை அவள். உன்னைவிட நல்ல பெண்.

பிறகு ஏன் உண்ணாவிரதம் என்கிறாயா? கோரிக்கை ஏற்கப்பட்டதோடு போராட்டம் முடியாது தாயி. நடைமுறைக்கு வரும் வரைக்கும் தொடரும். இது அரிச்சுவடி. உங்களுக்குப் பயிற்சியில் லத்தி சுற்ற மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார்களா?

ஆகவே நன்றாகக் கேட்டுக்கொள். இங்கே உட்கார்ந்திருக்கிற யாரும் டாக்டர் சொன்னதற்காக வயிற்றைக் காயப்போடவில்லை. போராட்டத்துக்காகக் காயப்போட்டிருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வருகிறவர்கள் தற்செயலாக அந்த நேரத்தில் வருகிறார்கள். உன் ஸ்டேஷனில் இதை இப்படியே எழுத வேண்டும்.

முப்பிடாதிக்குச் சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் வார்டு வாசல் வரைக்கும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்த பிறகு பாப்பாத்தி சொல்லியிருப்பாள். மேலே அந்த மூன்றாவது ஜன்னல்தான் அவளுடைய வார்டு. இப்போது பார்க்காதே. அவள் இருந்தாலும் இருப்பாள், சக்கர நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள் இப்போது.

இதோ வருகிறார்கள். மணி பார். எட்டா? எட்டுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறதா? நல்லது. அவர்களுக்குப் பயம் இருக்கிறது.

யாரும் எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள். அவர்கள் நம்மிடம் வரட்டும். பாப்பாத்தி, நீ ஊசி போட்டுக்கொள்ளவில்லையே? பையில்தானே இருக்கிறது? சரி.

வாம்மா டாக்டர். கேள்வியே கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். ஒருத்தியும் ராத்திரிக்கு அப்புறம் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. தண்ணீர் மட்டும். உனக்காக இல்லை. முதலில் என் கை. தலைமை தாங்குகிறவள்தான் முதலில். பிடி, எப்போது பார்த்தாலும் பிடிப்பாயே, இன்றைக்கு நானே நீட்டுகிறேன். பிடித்துக்கொள்.

என்ன கேட்கிறாய்? சேலையா? அது நெசவுக்காரன் செய்கிற வேலை. ஏன், அதையும் எழுத வேண்டுமா? எழுதிக்கொள். எழுதினால் எழுதிக்கொள்.

தாயி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. ஊசி குத்தும்போது நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன், பழக்கம். உன்னைப் பார்க்கிறேன். நீ ஏன் மேலே பார்க்கிறாய்? பார்க்காதே என்றுதானே சொன்னேன்.

"வெறும் வயிற்றில்!"

கேட்டாயா? அவள்தான். முப்பிடாதி. அந்த ஜன்னலில் இருந்து. இடுப்பில் கம்பியோடு இருக்கிற பெண்பிள்ளைக்குத் தொண்டையைப் பார். திமிர்.

இவர்களைப் பார் தாயி. பாப்பாத்தியைப் பார். எல்லோரும் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, கையை ஊசிக்கு நீட்டிக்கொண்டு, ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடு, போன தடவைப் பழக்கத்தில் ஒரே குரலாக "ரத்தம் இல்லை" என்கிறார்கள். டாக்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாள். மேலே அவளும் சிரிக்கிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை எடுத்துக் கொடுக்கிறாள்.

எழுது. எட்டு மணிக்குப் போராட்டம் வெற்றிகரமாக முடிந்தது. அனைவரும் கோஷம் எழுப்பினர்.

தலைமை எழுப்பவில்லை. அதையும் எழுதுகிறாயா? எழுது, பொய் எழுத வேண்டாம். தொண்டை வறண்டிருந்தது என்று எழுது. ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை அல்லவா. அதனால்தான்.